நாயின் இரைப்பும் காற்றின் ஈரமும்

வெயிலில் ஓடிவந்த நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது நோயன்று, உடலைக் குளிர்விக்கும் முறை. ஆனால் எந்த இரைப்பு இயல்பானது, எது ஆபத்தானது? நாய் வளர்ப்போர் இதனை அறிந்திருக்க வேண்டும்.

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களில்தான் சிறிது வியர்வை உண்டு. ஆகவே நாக்கு, வாய், மூக்கு ஆகியவற்றின் ஈரத்தை ஆவியாக்கியே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் நீங்குகிறது.

ஊஞ்சலை அதன் இயல்பான வேகத்திற்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையே போதும். இதுவே ஒத்ததிர்வு. வினாடிக்குச் சுமார் 5 முறை இரைக்கும் நாயின் மார்பும் இவ்வாறு இயங்குவதால் ஆற்றல் குறைவாகவே செலவாகிறது என்று 1962-இல் க்ராஃபோர்டு என்னும் ஆய்வாளர் விளக்கினார்.

இவ்வளவு சிறந்த ஏற்பாடும் கடற்கரை ஊர்களில் தடுமாறுகிறது. காரைக்காலின் தென்கோடியில், நாகூரை அடுத்துள்ள கீழவாஞ்சூரை எண்ணிப் பாருங்கள். 39 டிகிரி வெப்பமுள்ள ஈர நாக்கின் பரப்பில் ஆவி அழுத்தம் சுமார் 52 மி.மீ. பாதரசம். காற்றின் வெப்பநிலை 35 டிகிரி என்று கொள்வோம். ஈரப்பதம் 30 விழுக்காடானால் காற்றிலுள்ள ஆவி அழுத்தம் 13 மி.மீ.; வேறுபாடு 39. ஈரப்பதம் 80 விழுக்காடானால் அது 34 மி.மீ.; வேறுபாடு 18 மட்டுமே! வேறுபாடு குறையக் குறைய ஆவியாதலும் குறையும். வெப்பமானி ஒரே அளவைக் காட்டினாலும், புழுக்கமான நாளில் நாயின் துன்பம் மிகுதி. 'பக்' போன்ற குட்டை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் ஆபத்து.

ஆபத்தை எவ்வாறு அறிவது? நாய் உறங்கும்போது மார்பு எழுந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு, 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்திற்கு 30-க்கு மேல் அடிக்கடி வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழுத்தை நீட்டி, முன்னங்கால் முட்டிகளை அகற்றி, வயிறு குழிய மூச்சு வாங்குதல், படுக்க இயலாமை, தள்ளாடி விழுதல், ஈறு நீலமாகவோ வெளிறியோ போதல் ஆகியவை உடனடி ஆபத்தின் குறிகள். வெயில் தாக்கிய நாய்க்கு ஈறு கடுஞ்சிவப்பாகவும் மாறலாம்.

அவ்வேளையில் பெரியவர்களை அழையுங்கள். கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, நாயை நிழலில் காற்றோட்டமாக இருக்க விடுங்கள். வெப்பத்தால் தவித்தால் உடல்மேல் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியால் போர்த்திவிடாதீர்கள், அது வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும். தானாகக் குடித்தால் தண்ணீர் கொடுக்கலாம். வாயில் புகட்டினால் மூச்சுக்குழலில் இறங்கக்கூடும். மனிதருக்கான மருந்துகளைத் தரவே கூடாது. குளிர்வித்தபடியே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: மூச்சுத் திணறும் நாய், வளர்த்தவரையும் கடிக்கலாம். எச்சில் ஒழுக விழுங்க முடியாமல் தவிப்பது வெறிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகையால் வாய்க்குள் கைவிடாதீர்கள், தெருநாயாயின் நெருங்காதீர்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டு நாய் உறங்கும்போது ஒரு வாரம் மூச்சை எண்ணிக் குறித்து வையுங்கள். இயல்பான எண் தெரிந்தவருக்கே மாறுதல் விரைவில் புலப்படும்.