நாக்குக்குத் தெரியாத புளோரைட்டு

அன்பின் மகளுக்கு,

வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகத்தில் சூழல் விஞ்ஞானம் படிக்கிற நீயும் கூட்டாளிகளும் கிராமத்துப் பாடசாலைகளுக்கு இரசாயனக் கருவிகள் கொண்டுபோக யோசிப்பதாக எழுதியிருந்தாய். எதைக் கொண்டுபோவது என்று கேட்டாயே, அதற்குத்தான் இது.

பிரித்தானியாவில் ரோயல் இரசாயனச் சங்கம் ஒரு திட்டம் நடத்தியது. பல்கலைக்கழக மாணவர்கள் நிறமாலைமானிகளைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு பாடசாலைகளுக்குப் போவார்கள். அங்குள்ள பிள்ளைகளே மாதிரியை வைத்து அளப்பார்கள். பிள்ளையின் கையில் கருவியைக் கொடுக்கிற அந்தத் துணிவை எடுத்துக்கொள். கருவி வேறாக இருக்கட்டும். வன்னிப் பிள்ளைக்கு வீட்டுக் கிணற்றைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்?

சவர்த் தண்ணீரை நாக்கு சொல்லிவிடும். வன்மையைக் கேத்தலின் அடியில் படிகிற வெள்ளை சொல்லும். இவற்றுக்கு மானி பிடித்தால் தெரிந்ததை இலக்கத்தில் சொன்னதோடு சரி. புளோரைட்டு அப்படியல்ல, ருசியும் இல்லை, மணமும் இல்லை. வவுனியாப் பக்கத்து நிலத்தடி நீரில், பாறைக் கனிமங்களிலிருந்து கரைந்து, அது கூடுதலாக இருக்கிற இடங்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை என்கிறது. இலங்கை நியமம் 1.0. ஏன் குறைவு? வெயிலில் வேலைசெய்கிற ஆள் ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் குடிக்கிறார் என்று பிள்ளைகளையே கணக்குப் பார்க்கச் சொல்.

ஆகவே ஒரு நிறமானி போதும். சிர்க்கோனியமும் சாயமும் சேர்ந்த சிவப்புக் கரைசலில் கிணற்றுத் தண்ணீரை விட்டால், புளோரைட்டு சிர்க்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும்; நிறம் வெளிறும். கூடக் கூட வெளிறுவது பிள்ளைகளைக் குழப்பும். அவசரப்பட்டு விளக்காதே, கொஞ்சம் குழம்பட்டும். சாயக்கரைசல் கடும் அமிலத்தில் இருப்பது. அதை நீங்களே விடுங்கள். முதலில் பூச்சியத்திலிருந்து 1.4 வரை நியமக் கரைசல்களை அளந்து அவர்களே வரைபுத்தாளில் கோடு போடவேண்டும். அதற்கு மேலே போகிற தண்ணீரை ஐதாக்கி அளக்கலாம். நேரமில்லையென்று இந்தக் கோட்டை விட்டுவிட்டால் மிஞ்சுவது பொத்தான் அழுத்துவது மட்டும்தான்.

குளோரீன் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம், அளவைக் கெடுக்கும்.

பிள்ளைகள் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருகிற போத்தலில் பெயர் எழுதாதே, இலக்கம் மட்டும் போடு. சிறு வயதிலிருந்தே புளோரைட்டு கூடிய தண்ணீர் குடித்த பிள்ளைக்குப் பல்லில் கபிலக் கறை விழலாம். சிரிக்கும்போது வாயைப் பொத்துகிற பிள்ளை வகுப்பிலேயே இருக்கும். ஆகவே பல்லின் படம் காட்டவேண்டாம். சிறுநீரக நோயையும் இதோடு முடிச்சுப் போடாதே. வவுனியாவிலும் பரவியிருக்கிற அந்த நோயின் காரணத்தில் விஞ்ஞானிகளுக்கே இன்னும் ஒருமித்த கருத்தில்லை. கொதிக்கவைத்தால் போய்விடுமா என்று கட்டாயம் கேட்பார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். எல்லை தாண்டிய போத்தல் வந்தால் மறுபடி அளந்து உறுதிசெய்ய ஒரு ஆய்வுகூடத்தையும், தகவல் சொல்ல அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் முன்கூட்டியே கேட்டுவை.

திரும்பும்போது பீ.எச். மானியை அன்பளிப்பாக விட்டுவிட்டு வராதே. அதன் கண்ணாடி மின்வாய் அலுமாரிக்குள் காய்ந்து பழுதாகும். ஒரு அளவியும் குழாயியும், வன்மை பார்க்கிற ஈ.டீ.ரீ.ஏ. கரைசலும் அதற்குரிய காட்டியும் தாங்கற் கரைசலும் கொடு, சிவப்பு நீலமாக மாறுவதை அவர்கள் எத்தனை தரமும் செய்யலாம். கரைசல் முடிந்தால் யாரிடம் கேட்பது என்று ஆசிரியர் கேட்பார். அதை உங்கள் விரிவுரையாளரோடு பேசி முடித்தபிறகு பாடசாலைக்கு நாள் குறி.

அன்புடன்,
சின்னம்மா