பாரடே பேசக் கற்ற வகை

நாவன்மை பற்றிப் பேசப் புகுந்தால் நம் தோழர்கள் டெமாஸ்தனிஸ், சிசரோ, பர்க் என அரசியல் மேடைக்கே சென்றுவிடுகின்றனர். ஆய்வுக்கூடத்தில் பொழுது கழிக்கும் எனக்கோ மைக்கேல் பாரடேதான் நினைவுக்கு வருகிறார். மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டறிந்தவர் என்று அவரைப் படிக்கிறோம். பேச்சை ஒரு கலையாக முயன்று கற்றவர் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

அவர் கொல்லர் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். 1812-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளை நூலாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். மறு ஆண்டு அங்கேயே உதவியாளரானார். பிறர் சொற்பொழிவுக்குக் கருவிகளை ஆயத்தம் செய்து தருவது அவர் வேலைகளுள் ஒன்று. அவ்வாறு நின்ற இடத்திலிருந்தே பேசுவோரையும் கேட்போரையும் ஒருசேரக் கவனித்தார். கண்டவற்றை அதே 1813-இல் நண்பர் அபட்டுக்குக் கடிதங்களாக எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. நம்மில் பலருக்கு இளையவர்!

அக்கடிதங்கள் வெறும் சொல்லழகைப் பற்றியன அல்ல. மண்டபத்தில் காற்றோட்டம் உண்டா, வருவோர் போவோருக்கு வழி எவ்வாறு, மேசைமேலுள்ள கருவிகள் பேசுபவரை மறைக்கின்றனவா என்றெல்லாம் ஆராய்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசலாகாது. கூடியவரை சபைக்கு முதுகு காட்டலாகாது. கைதட்டலுக்குத் தூண்டில் போடுவது பேசுபவரின் பெருமைக்கே இழுக்கு என்கிறார். இந்தக் கடைசி விதியை நம் பேச்சுப் போட்டிகளில் நடைமுறைப்படுத்தினால் அடுக்குமொழி வீரர் பலர் மேடையைவிட்டு இறங்க நேரும்!

1816-இல் தாமே பேசத் தொடங்கினார். அதோடு நின்றாரா? 1818-இல், தம் சிறு வருவாயில் பணம் செலவிட்டு, ஸ்மார்ட் என்னும் ஆசிரியரிடம் பேச்சுக்கலை பயின்றார்.

பிற்காலத்தில் அவர் கைக்கொண்ட முறை எளிது. கல் கீழே விழும் என்று சொன்னால் மட்டும் போதாது. கையைத் திறந்து அதை விழச் செய்ய வேண்டும். கேட்போருக்கு முன்பே தெரியும் என்று எதையும் விட்டுவிடக் கூடாது. சிறுவர்க்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவு வரிசைகளை 1827 முதல் 19 முறை நிகழ்த்தினார். 1860-61 குளிர்காலத்தில் நிகழ்த்திய கடைசி வரிசைக்குப் பொருள் ஒரு மெழுகுவர்த்தி. பனிக்கட்டியும் உப்பும் நிறைந்த கலத்தைச் சுடருக்கு மேலே பிடிக்கிறார். அதன் அடியில் நீர்த்துளி தொங்குகிறது. நெருப்பிலிருந்து நீர் பிறப்பதைச் சிறுவர்கள் கண்ணாலேயே கண்டனர்.

இத்தனை பயிற்சிக்குப் பிறகும் பேச்சில் அவருக்கு வேகம் மிகுந்துவிடுமாம். அதனால் ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டை ஒன்றைத் தம் கண்முன் வைத்துக்கொண்டு பேசினார். அதை அவர் மறந்துபோனால், உதவியாளர் மீண்டும் எடுத்து எதிரே வைப்பார்.