எஞ்சினைக் காக்கும் அரை மில்லிமீட்டர்

மாணவர்களே, ஓர் எஞ்சின் வலுவாக இருக்க வேண்டுமென்றால் அதன் பாகங்களை இடைவெளியே இல்லாமல் இறுக்கிப் பொருத்த வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், சூப்பர்சார்ஜர் பூட்டிய கார் எஞ்சினைப் பிரித்து மீண்டும் கட்டும் மெக்கானிக், புதிய பிஸ்டன் வளையத்தின் முனையை அரத்தால் ராவி, அதன் இடைவெளியைப் பெரிதாக்குகிறார். இது ஏன்? ஒரு கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

காற்றைத் திணித்தல்

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வளிமண்டல அழுத்தம் காற்றை உள்ளே தள்ளுகிறது. சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் சுழற்சியாலேயே, பெல்ட் வழியாக ஓடும் காற்றழுத்தி. அது கூடுதல் காற்றைத் திணிப்பதால் கூடுதல் எரிபொருளை எரிக்க முடிகிறது.

அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா காரை எடுத்துக்கொள்வோம். 2001ஆம் ஆண்டுக் காரில் 8 சிலிண்டர்கள் கொண்ட 4.6 லிட்டர் எஞ்சின் 320 குதிரைத்திறன் தந்தது. 2003ஆம் ஆண்டுக் காரில், அதே 4.6 லிட்டர் கொள்ளளவுக்குச் சூப்பர்சார்ஜர் பூட்டப்பட்டது. திறன் 390 ஆனது.

வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். சூப்பர்சார்ஜர் அதனுடன் 55 கிலோபாஸ்கலைச் சேர்த்தது. மொத்தம் 156, அதாவது ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். திறனோ 1.2 மடங்குதான் கூடியது. மீதி எங்கே போனது? காற்றை அழுத்தும்போது அது சூடாவதால், அழுத்தம் கூடிய அளவுக்கு அடர்த்தி கூடுவதில்லை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றவும் எஞ்சினின் திறனில் ஒரு பகுதி செலவாகிறது. மேலும், எரிபொருள் நேரம் தவறி வெடித்துவிடாமல் இருக்க, எஞ்சினின் அழுத்த விகிதத்தை 9.85இலிருந்து 8.5ஆகக் குறைத்தார்கள்.

உள்ளே மாறியவை

கூடுதல் அழுத்தத்தைத் தாங்க உட்பாகங்களும் மாறின. அலுமினியத்தால் ஆன எஞ்சின் உடலுக்குப் பதிலாக இரும்பு உடல் வந்தது. பிஸ்டன்களும் அவற்றைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கோல்களும் ஃபோர்ஜிங் முறையில் செய்யப்பட்டவை. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்வது வார்ப்பு. திட உலோகத்தைச் சூடாக்கிப் பேரழுத்தத்தில் வடிவமைப்பது ஃபோர்ஜிங். இதில் வார்ப்பில் உண்டாகும் நுண்துளைகள் இருப்பதில்லை. பாகம் எளிதில் விரிசல் விடாது.

இவ்வகைக் கார்களை வைத்திருப்போர் சிலர் இன்னும் திறன் வேண்டி, சூப்பர்சார்ஜரில் சிறிய பெல்ட் சக்கரத்தைப் பூட்டுவார்கள். சக்கரம் சிறியதானால் சுழற்சி வேகமாகும், அழுத்தம் ஏறும், வெப்பமும் ஏறும். அப்போதுதான் எஞ்சினைப் பிரித்து, வலுவான பாகங்களைப் பூட்டி, வளையங்களையும் புதிதாக அளந்து பொருத்த வேண்டியிருக்கிறது.

வளையத்தின் கணக்கு

பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம், எரிந்த வாயு கீழே கசியாமல் தடுக்கிறது. அது முழு வட்டமன்று, ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். வளையத்தைச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் அந்த வெட்டின் அகலத்தை அளப்பார்கள்.

சூத்திரம் இதுதான்:

நீள மாற்றம் = விரிவுக் கெழு × தொடக்க நீளம் × வெப்பநிலை வேறுபாடு

கோப்ரா சிலிண்டரின் விட்டம் 90.2 மி.மீ. எனவே, வளையத்தின் சுற்றளவு 3.142 × 90.2 = 283 மி.மீ. வளையமும் சிலிண்டரும் இரும்பு வகை உலோகம் என்பதால் இரண்டுக்கும் விரிவுக் கெழு, ஒரு பாகை செல்சியசுக்கு 0.000012 என்று கொள்வோம். இரண்டும் ஒரே அளவு சூடானால் சேர்ந்தே விரியும், வெட்டு மூடிக்கொள்ளாது. வளையம் சிலிண்டரைவிட எவ்வளவு கூடுதலாகச் சூடாகிறது என்பதே முக்கியம்.

அந்த வேறுபாடு 100 பாகை என்றால்: 0.000012 × 283 × 100 = 0.34 மி.மீ.

சூப்பர்சார்ஜரின் கூடுதல் வெப்பத்தால் 150 பாகை ஆனால்: 0.51 மி.மீ.

சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினுக்கு, இந்த விட்டத்தில் ஏறக்குறைய 0.36 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். முதல் கணக்குக்கு அது போதும். இரண்டாவதில் முனைகள் மோதிக்கொள்ளும். வளையம் விரிய இடமின்றிச் சிலிண்டர் சுவரில் இறுகிச் சிக்கும். பிஸ்டனோ நகர்ந்துகொண்டே இருக்கும். முடிவில் பிஸ்டனின் மேல்விளிம்பு உடைந்துபோகலாம். விலையுயர்ந்த புதிய பாகங்கள் அத்தனையும் வீணாகும். காரணம், இரண்டு தலைமுடிப் பருமன் அளவே உள்ள 0.15 மி.மீ.!

அதற்காக இடைவெளியை விருப்பம்போல் பெரிதாக்கலாமா? கூடாது. வாயு கசிந்து திறன் குறையும். எண்ணெயும் விரைவில் கெடும். அதனால்தான் கண்மதிப்பில் ராவாமல், வளையத் தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்த்து, சிறிது ராவுவதும் அளப்பதுமாக வேலை நடக்கிறது. கூடுதலாக ராவிவிட்டால் அந்த வளையத்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

செய்து பாருங்கள்

சிலிண்டரின் விட்டம் 100 மி.மீ.; வெப்பநிலை வேறுபாடு 150 பாகை. விரிவுக் கெழு மேலே உள்ளதே. 0.45 மி.மீ. இடைவெளி போதுமா?

விடை: தேவைப்படுவது 0.57 மி.மீ. எனவே, போதாது.