எட்டு வயதுக்கு எந்த மாயக்கதை?

என் மகளுக்கு 8 வயது. பூதம், சூனியக்காரி என்று மாயக்கதையாகவே கேட்கிறாள். ராத்திரி பயந்து எழுந்துவிடுகிறாள். நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, சேந்தமங்கலம்

நிறுத்தவே வேண்டாம் சகோதரி, வகையை மட்டும் மாற்றுங்கள். படுக்கும் நேரத்தில் நரியும் காக்கையும் பேசும் பஞ்சதந்திரம் போதும். பூதம்தான் வேண்டுமென்றால் அலாவுதீன் கதை: விளக்கைத் தேய்த்தவன் சொன்னபடி கேட்கிற பூதத்திடம் என்ன பயம்? முயல் வளைக்குள் விழுந்து வேறோர் உலகத்துக்குப் போகும் 'ஆலிஸ்' (1865) இன்னொரு வகை; தமிழிலும் வந்திருக்கிறது. நம் எழுத்தாளர்களில் வாண்டுமாமாவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

விக்கிரமாதித்தன் கதை பகலில் இருக்கட்டும். பிணத்தைத் தோளில் சுமக்கிற கதையாயிற்றே. வேதாளம் கேள்வி கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு, தீர்ப்பை மகளிடம் கேளுங்கள். பயம் போய் யோசனை வந்துவிடும்.

உங்கள் ஊர்க் கதையை மறந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் கொல்லிமலைக்குச் சொந்தமான கொல்லிப்பாவை சங்கப் பாட்டிலேயே வருகிறாள். அவள் சிரித்து மயக்கி உயிரெடுப்பதை இரண்டு வருஷம் கழித்துச் சொல்லலாம். இப்போதைக்கு மலையைக் காக்கும் பாவை என்று ஆரம்பித்துக் கொடுங்கள். மிச்சத்தை உங்கள் மகளே சொல்லட்டும்.