லைக்கன் தரும் வெயிற்காப்பு

கறிமசாலையிற் சேரும் கல்பாசியை நாம் அறிவோம். பெயராற் பாசியெனினும், அது காளானும் பாசியும் ஓருடம்பாய்க் கூடிவாழும் லைக்கன் இனத்தது. காளான் உறைவிடந் தர, பாசி வெயிலொளியால் உணவு ஆக்கும். ஆகலின் லைக்கனுக்கு வெயிலும் வேண்டும். வெயிலிலுள்ள புறஊதாக் கதிரினின்று காப்பும் வேண்டும். பற்றிய பாறையை விட்டு அகல இயலாமையின், காளான் தன் மேற்படலத்திற் சில சேர்மங்களை ஆக்கி நிரப்புகின்றது. ஐரோப்பியக் கடற்கரைப் பாறைகளில் வளரும் சாந்தோரியா பரியெடினா வெயிலிற் பொன்னிறமும் நிழலிற் சாம்பற்பச்சையும் கொள்வது, பரியெடின் என்னும் நிறப்பொருளின் மிகுதி குறைவாலேயாம். உஸ்னியா இனத்து உஸ்னிக் அமிலமும் புறஊதாக் கதிரை உறிஞ்சும். 2005ஆம் ஆண்டில் ஃபோட்டான்-எம்2 விண்கலத்தில் இருவார காலம் விண்வெளியில் வெளிப்படுத்தப்பெற்ற லைக்கன்கள் உயிருடன் மீண்டன.

அக்கதிர் நம் தோலின் உயிரணுக்களையும் சிதைத்துப் புற்றுநோய் விளைப்பதாகலின், இச்சேர்மங்கள் நமக்கும் உதவுமோவென அறிஞர் ஆராய்கின்றனர். ஆயினும் லைக்கனுக்கு நல்லது நமக்கும் நல்லதென்று கொள்ளற்க. உஸ்னிக் அமிலம் சிலர் தோலில் ஒவ்வாமை தரும். உட்கொண்டாற் கல்லீரலைக் கெடுக்கும். மேலும், லைக்கன்களிற் பல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வன. ஆதலின், பாறையைச் சுரண்டிப் பூசுதல் அறிவுடைமையன்று. சேர்மத்தின் அமைப்பைக் கற்று, ஆய்வுக்கூடத்தில் ஆக்கி, தீங்கின்மை தெளிந்தபின் கொள்வதே தக்கதாம்.