தொடக்கப் பிரிவு இடம் மாறினால்

இரு வன்தட்டுகள் உள்ள கணிப்பொறியில், விண்டோஸ் இயக்க முறைமையைப் புதிய தட்டில் நிறுவினாலும், தொடக்கக் கோப்புகள் பழைய தட்டில் அமைந்துவிடுவதுண்டு. பழைய தட்டில் தொடக்கப் பிரிவு ஏற்கெனவே இருப்பின், நிறுவும் நிரல் அதனையே பயன்படுத்திக்கொள்வதே இதற்குக் காரணமாகும். இப்பிரிவு பெரும்பாலும் சில நூறு மெகாபைட்டுக்கு மேற்படாது. ஆயினும் இஃதின்றி இயக்க முறைமை தொடங்காது.

பழைய தட்டு பழுதுற்றாலோ அகற்றப்பட்டாலோ, புதிய தட்டிலுள்ள பதிவேடுகள் நலமாயிருந்தும் கணிப்பொறி இயங்காது. அவை அழிந்தன எனக் கருதித் தட்டை வெறுமையாக்குதல் பெருந்தவறாகும்.

ஆகவே, நிறுவுமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, ஏனைய தட்டுகளைக் கழற்றி வைத்தல் நன்று. நிறுவிய பின் தொடக்கப் பிரிவு எத்தட்டில் உள்ளதென்பதை ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திரையில் காணலாம். இடம் மாறியிருப்பின், புதிய தட்டில் அத்தகைய பிரிவொன்றை அமைத்து, ‘பிசிடிபூட்’ கட்டளையால் தொடக்கக் கோப்புகளை அதில் எழுதுதல் வேண்டும். புதிய தட்டிலிருந்தே கணிப்பொறி தொடங்குவதை உறுதி செய்த பின்னரே பழையதை அகற்றலாம்.