காந்தம் வைத்தால் தெளியாது

"மூளைக்குக் காந்தம் வைத்தால் ஒரே நாளில் தெளிந்துவிடுவார்களாமே டாக்டர், அப்பாவுக்கும் ஏற்பாடு பண்ணுங்களேன்." ஐசியு வாசலில் இந்தக் கோரிக்கை இப்போது அடிக்கடி வருகிறது. யாரோ ஒரு உறவினர் சொல்லியிருப்பார், அவருக்கு இன்னொருவர் சொல்லியிருப்பார். சிலர் வெளியே ஒரு மையத்தில் பேசி, எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டே வருகிறார்கள். வேண்டாம் என்றால், புதிய சிகிச்சையை நாங்கள் ஒளித்துவைப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஆகவே கொஞ்சம் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், அப்பாவுக்கு என்ன ஆயிற்று? அறுவை சிகிச்சைக்குப் பிறகோ கடுமையான காய்ச்சலிலோ, நேற்றுவரை கணக்கு வழக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் சட்டென்று ஆள் மாறிப்போகிறார். காலையில் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சாயங்காலம் அதே மகளிடம் "நீ யாரும்மா?" என்கிறார். இல்லாத பூச்சியைக் காற்றில் பிடிக்கிறார். போர்வை நூலை உருவிக்கொண்டே இருக்கிறார். பாட்டிமார்கள் ஜன்னி கண்டுவிட்டது என்பார்களே, அதுதான், மருத்துவத்தில் டெலிரியம். செயற்கை சுவாசத்தில் இருக்கும் நோயாளிகளில் 80 சதவீதம் பேருக்கு வரைகூட இது வருவதாக ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. அரிய நோய் ஒன்றுமில்லை.

அந்தக் காந்தமும் கட்டுக்கதை இல்லை. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவரது குழுவும் உருவாக்கிய கருவி அது. தலைமேல் ஒரு கம்பிச்சுருளைப் பிடித்து காந்தத் துடிப்புகளைச் செலுத்தினால், அதற்கு நேர் கீழே இருக்கும் மூளைப் புறணியில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். மண்டையைத் திறக்க வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். இன்னொரு வகையில் நெற்றியிலும் தலையிலும் ஈரப் பஞ்சு மின்முனைகளை வைத்து, ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரத்தை இருபது நிமிடம்போல் ஓடவிடுவார்கள். மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டலை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-ல் அனுமதித்தது. எண்ணச் சுழற்சி நோய்க்கு 2018-ல். அந்த வேலைகளுக்கு அது நல்ல கருவி. நானே நோயாளிகளை அனுப்பியிருக்கிறேன். டெலிரியத்துக்கு அப்படி ஒரு அனுமதி கிடையாது. கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது.

வதந்திக்கு விதை போட்டது ஓர் உண்மைதான். டெலிரியத்தில் மூளையின் மின்னலைகள் மந்தமாகிவிடுகின்றன. ரொமானோவும் எங்கலும் 1940-களிலேயே இதைப் பதிவுசெய்து காட்டினார்கள். மந்தமான மூளையை வெளியிலிருந்து லேசாகத் தூண்டினால் என்ன என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. சீனாவில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட முதியவர்களுக்கு மெல்லிய மின்தூண்டல் கொடுத்துப் பார்த்ததில், அறுவைக்குப் பிறகு டெலிரியம் வந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் அவர்களுக்குத் தூண்டல் கொடுத்தபோது டெலிரியம் வந்திருக்கவில்லை. வராமல் தடுக்க முடியுமா என்பதுதான் அங்கே கேள்வி. ஆய்வும் சிறியது, வேறு இடங்களில் இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும். அங்கிருந்து "ஒரே நாளில் தெளியும்" என்ற வாக்குறுதிக்குத் தாவியது யார்?

அந்த வாக்குறுதியை நம்புகிறவர்கள் ஒருமுறை கட்டில் பக்கத்தில் வந்து நிற்கட்டும். டிரிப் ஊசியைப் பிடுங்குகிறவர், ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றி எறிகிறவர், கம்பிச்சுருளுக்குக் கீழே தலையை ஆட்டாமல் இருபது நிமிடம் உட்காருவாரா? காந்தத் தூண்டலில் வலிப்பு வருவது அபூர்வம் என்பது ஆரோக்கியமாக இருப்பவர்களின் கணக்கு. சோடியம் இறங்கிப்போனவர், திடீரென்று குடியை நிறுத்தியவர், வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்துகளில் இருப்பவர் ஆகியோருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. டெலிரியத்தில் படுத்திருப்பவர்களில் இப்படிப்பட்டவர்கள்தான் ஏராளம். மூளை ரத்தக்குழாயில் உலோகக் கிளிப் போட்டவர்களுக்கும் காதுக்குள் கருவி பொருத்தியவர்களுக்கும் அது அபாயம். இத்தனைக்கும் மேல், நிலையில்லாத ஒரு நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி வெளி மையத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது.

என் கோபம் பணம் விரயமாவதைப் பற்றியதும் அல்ல. டெலிரியம் என்பது உடம்பில் வேறெங்கோ நடக்கும் கோளாறை மூளை காட்டிக்கொடுப்பது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்பு குறைவது, தண்ணீர் வற்றுவது, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை. இதில் எது என்று தேடவேண்டிய மணி நேரங்கள் பொன்னானவை. காரணத்தை விட்டுவிட்டு மூளையைத் தூண்டுவது, அடுப்பை அணைக்காமல் பொங்கும் பாலை ஊதிக்கொண்டிருப்பதுதான்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்த ஒரு பாட்டி, மூன்றாம் நாள் ராத்திரி முழுக்கக் கத்தினார். பேரனுக்குக் காந்தச் சிகிச்சை பற்றி எல்லா விவரமும் தெரிந்திருந்தது. பாட்டியின் அடிவயிற்றில் கை வைத்தேன், பூசணிக்காயாக இறுகியிருந்தது. சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு ஒரு சொட்டுகூடப் போகவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கூடவே, அரிப்புக்காக ஆரம்பித்த பழைய காலத்து அலர்ஜி மாத்திரை ஒன்று. அது சிறுநீரையும் அடைக்கும், முதியவர்களின் மூளையையும் குழப்பும். குழாயை மறுபடி போட்டு, மாத்திரையை நிறுத்தினோம். பாட்டி தூங்கினார். இரண்டு நாளில் காபியில் சர்க்கரை போதவில்லை என்று மருமகளிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

காந்தத் தூண்டலைக் கரண்ட் ஷாக்கோடு குழப்புகிறவர்களும் உண்டு. கரண்ட் ஷாக் என்பது மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து வலிப்பை உண்டாக்கும் வேறு சிகிச்சை. அவை இல்லாமல் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்திருக்கிறது. கரண்ட் ஷாக்குக்குப் பிறகு சிறிது நேரம் குழப்பம் இருப்பதும் சகஜம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. பைத்தியம் பிடித்துவிட்டதா? இல்லை. மறதி நோயா? மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். இது மணிக்கணக்கில் வரும். மறதி நோய் இருப்பவருக்கு டெலிரியம் சுலபமாக வரும் என்பது வேறு விஷயம். அமைதியாகப் படுத்திருப்பவருக்கு ஒன்றுமில்லையா? கத்துகிறவரைவிட அவரைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொள்கிறவர், ஊட்டிய சோற்றை வாயிலேயே வைத்திருப்பவர், இவர்களைப் பற்றி நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். நல்ல தூக்க ஊசி போட்டால் சரியாகுமா? இல்லை, பெரும்பாலும் குழப்பம் அதிகமாகும். குடியை நிறுத்தியதால் வரும் டெலிரியம் மட்டும் விதிவிலக்கு. அங்கே அந்த வகை மருந்தும் தயமினும்தான் உயிர் காக்கும். மனநோய் மருந்து? அமெரிக்காவில் 16 மருத்துவ மையங்களில் ஹாலோபெரிடாலையும் ஜிப்ராசிடோனையும் மருந்தில்லாத ஊசியோடு ஒப்பிட்டு, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். டெலிரியம் நீடித்த நாட்களில் வித்தியாசமே இல்லை.

பிறகு எதுதான் உதவும்? 1999-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனூயே 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரிடம் செய்த ஆய்வைச் சொல்கிறேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள், காது மெஷினைப் பொருத்தினார்கள், என்ன கிழமை என்று சொன்னார்கள், எழுப்பி நடக்கவைத்தார்கள், தண்ணீர் குடிக்கவைத்தார்கள், ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்க வழிசெய்தார்கள். டெலிரியம் வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தார்கள். இதுவும் தடுப்புதான், வந்தபின் தீர்க்கும் மருந்தல்ல. ஆனால் இதற்கு எந்த மையத்திலும் பணம் கட்ட வேண்டாம்.

நம் ஊர் ஐசியுவில் நடப்பதோ நேர்மாறு. உள்ளே போகும்போதே கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டு மகன் கையில் கொடுத்துவிடுகிறோம். ஜன்னல் இல்லை, சுவரில் கடிகாரம் இல்லை, ராத்திரியும் விளக்கு அணைவதில்லை. காது கேட்காத, கண் தெரியாத ஒரு முதியவரை நாள் முழுக்கத் தனியே கிடத்திவிட்டு, அவர் உளறுகிறார் என்று கையைக் கட்டுகிறோம். இன்ஃபெக்‌ஷன் வரும் என்று சொல்லித்தான் குடும்பத்தை வெளியே நிறுத்துகிறார்கள். பிரேசிலில் 36 ஐசியுக்களில் உறவினர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை உடனிருக்க அனுமதித்துப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். டெலிரியம் குறிப்பிடும்படி குறையவில்லை. அதை மறைக்க மாட்டேன். தொற்றும் கூடவில்லை. உறவினர்களின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. தொற்றைக் காட்டிக் கதவைச் சாத்துகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பெரியவரைச் சேர்க்கும்போதே அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும், தூக்க மாத்திரையும் குடியும் உட்பட, கூச்சப்படாமல் சொல்லுங்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் பெயர் எழுதி உள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். குழப்பம் தெரிந்தால் உப்பு பார்த்தீர்களா, சிறுநீர் போகிறதா, புதிய மருந்து எது என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டு மனிதர் ஒருவர் ராத்திரி பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால், என்ன காரணம் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.